திப்பிலி பச்சைப் பசேலென்று படர்கிறது, காய்க்கவில்லையே?

ஆனைமலைப் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்கிறார்: "10 சென்ட் தென்னந்தோப்பு, மரங்களுக்கு 15 வயது. இரண்டு வருடம் முன்பு ஓர் ஏஜென்ட்டிடம் நாற்று 20 ரூபாய் என்று 300 திப்பிலி வாங்கி நட்டோம். தரையே தெரியாமல் படர்ந்திருக்கிறது. காய் மட்டும் இல்லை. இன்னும் 500 நாற்று போடுங்கள், காய்க்கும், நாங்களே திரும்ப வாங்கிக்கொள்கிறோம் என்கிறார். போடலாமா?"

போடாதீர்கள். காய்க்காத கொடி 300 இருக்கிற இடத்தில் 800 ஆகும், அவ்வளவுதான்.

திப்பிலி மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டில் மரத்தடியில் தானாகப் படரும் கொடி. வருடம் முழுக்கப் பச்சையாக இருப்பது அதன் சுபாவம். பச்சையைப் பார்த்துப் பயிர் நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. காய் இல்லாததற்குப் பெரும்பாலும் காரணம் இரண்டு: ஆண் கொடி, அல்லது அளவு மீறிய நிழல். எது என்று நீங்களே பார்த்துவிடலாம்.

தரையில் ஓடும் கொடியில் இலை நீண்ட காம்போடு, வெற்றிலை போல இருக்கும். காய் அதில் வராது. நிமிர்ந்து நிற்கும் கிளையில்தான் வரும். அந்தக் கிளையில் மேல் இலைகளுக்குக் காம்பே இருக்காது, அடி தண்டைக் கட்டிக்கொண்டிருக்கும். அப்படிப்பட்ட கிளையே தோப்பில் தென்படாவிட்டால் நிழல்தான் காரணம். கிளை இருந்து, மெலிந்து நீண்ட பூத்திரி வந்து, வாடி உதிர்ந்தால் அது ஆண். பெண் கொடியின் திரி குட்டை. ஓர் அங்குலத்துக்கு மேல் போகாது, நாளாக நாளாகத் தடிக்கும். நாம் கடையில் வாங்கும் அரிசித் திப்பிலி அதுதான்.

15 வயதுத் தென்னை அடர்ந்த நிழல் தரும். திப்பிலிக்கு ஏறக்குறைய கால் பங்கு நிழல் போதும். வெளிச்சத்துக்காகப் பச்சை மட்டையை வெட்டச் சொல்வார்கள், வெட்டாதீர்கள், தேங்காய் குறையும். காய்ந்த மட்டையை மட்டும் எடுங்கள். தோப்பின் ஓரங்களிலும் வரிசைகளுக்கு நடுவில் வெயில் விழும் இடங்களிலும் மட்டும் நடுங்கள்.

நாற்றுக்குக் காசு கொடுக்கவே வேண்டாம். காய்த்து நிற்கிற பெண் கொடி ஒன்றைக் கண்ணால் பார்த்து, அதிலிருந்து மூன்று நான்கு கணு உள்ள துண்டுகளாக வெட்டுங்கள். மண், மணல், மக்கிய தொழுவுரம் சம அளவில் கலந்து பையில் நிரப்பி, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி ஊன்றுங்கள். பங்குனியில் ஊன்றினால் வைகாசிக் கடைசியில் மழையோடு நடலாம். தென்னையின் அடியில் சுற்றிலும் இரண்டு மீட்டர் விட்டுவிட்டு, இரண்டடிக்கு ஒரு குழி, குழிக்கு இரண்டு நாற்று. பாதையெல்லாம் போக உங்கள் 10 சென்ட்டில் 650 குழிக்கு மேல் பிடிக்காது. கோடையில் வாரம் ஒரு தண்ணீர், தென்னை ஓலையால் மூடாக்கு. தண்ணீர் தேங்கினால் மட்டும் கொடி பிழைக்காது.

காட்டுக்குள் போய் வெட்டி வராதீர்கள். உங்கள் பக்கம் புலிகள் காப்பகம், வழக்கு வரும். கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் 'விஸ்வம்' ரகம் தென்னை ஊடுபயிருக்கென்றே தேர்ந்தெடுத்த பெண் கொடி. 'விஸ்வம்' என்று சொல்லி எதையும் விற்பவர்கள் உண்டு, அதனால் தாய்க்கொடியில் காயைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

நட்டு ஆறு மாதத்தில் பூ, அதிலிருந்து இரண்டு மாதத்தில் காய். கரும்பச்சையாக இருக்கும்போதே பறியுங்கள். பழுத்துச் சிவந்தால் காரம் போய்விடும். நாலைந்து நாள் வெயிலில் காய்ந்தால் 10 கிலோ பச்சைக்கு ஒன்றரைக் கிலோ கிடைக்கும்.

ஏஜென்ட்டுகள் விளையாடுவது இந்தக் கணக்கில்தான். பச்சைக் காயின் எடையைச் சொல்லிக் காய்ந்த காயின் விலையால் பெருக்கிக் காட்டுவார்கள். ஹெக்டேர் விளைச்சலை ஏக்கர் என்பார்கள். நல்ல பராமரிப்பில் காய்ந்த திப்பிலி முதல் வருடம் ஹெக்டேருக்கு 400 கிலோ, மூன்றாம் வருடம் 1,000 கிலோ வரை. பிறகு இறங்கும், பிடுங்கிவிட்டு மறுபடி நட வேண்டும். உங்கள் இடத்துக்கு முதல் வருடம் பத்து கிலோ வந்தால் சந்தோஷப்படுங்கள். அவர் கேட்கிற 10,000 ரூபாயை இதோடு வைத்துப் பாருங்கள். "திரும்ப வாங்குகிறோம்" ஒப்பந்தத்தில் "தரமாக இருந்தால்" என்று ஒரு வரி இருக்கும். தரம் எது என்று அவரே முடிவு செய்வார். அவருக்கு லாபம் நாற்றில். காய் வந்தால் அவருக்குத் தொந்தரவு.

இருக்கிற 300 கொடியும் ஆண் என்றே வைத்துக்கொள்வோம். உடனே பிடுங்க வேண்டாம். கண்டந்திப்பிலி என்று கடையில் விற்பது இதே கொடியின் வேரும் அடித்தண்டும்தான். வேருக்கு ஆண் பெண் பேதமில்லை. நட்டு 18 மாதம் தாண்டியிருந்தால் தோண்டலாம், உங்களுடையது தாண்டிவிட்டது. மண் ஈரமாக இருக்கும்போது வேர் அறாமல் தோண்டி, கழுவி, ஓர் அங்குலம் முதல் இரண்டு அங்குலத் துண்டுகளாக நறுக்கிக் காயவையுங்கள். தடித்த துண்டு, நடுத்தரம், சல்லிவேர் என்று தனித்தனியாகப் பிரியுங்கள். கலந்து கொண்டுபோனால் எல்லாவற்றையும் சல்லிவேர் விலைக்குத்தான் எடுப்பார்கள். முழு ஈரம் போகாமல் மூட்டை கட்டினால் பூஞ்சணம் பிடிக்கும். இதை ஒரு தடவைதான் செய்ய முடியும்: வேரை எடுத்தால் கொடி போச்சு. பெண் கொடியாக இருந்தால் மூன்றாம் வருடம் முடிந்து காய்ப்பு இறங்கும் வரை பொறுத்துச் செய்யுங்கள்.

மழைக்காலத்தில் இலையும் கொடியும் அழுகினால் ஒரு சதவீத போர்டோ கலவை தெளிக்கலாம். ஒரு கிலோ மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 50 லிட்டர் தண்ணீரில், ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பு 50 லிட்டரில், இரண்டும் பிளாஸ்டிக் பாத்திரத்தில் தனித்தனியாக. துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்க வேண்டும், மாற்றி ஊற்றக் கூடாது. தீட்டிய கத்தியை முக்கிப் பார்த்துச் செம்பு நிறம் படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு. கோடையில் கொடி காரணமின்றி வாடினால் வேரில் மாவுப்பூச்சி இருக்கிறதா என்று தோண்டிப் பாருங்கள்.

கடைசியாக ஒரு காகிதம். 2023-ல் திருத்திய பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம் பயிரிட்ட மூலிகைக்குச் சலுகை தருகிறது. பயிரிட்டதுதான் என்று காட்டும் வேலை நம்முடையது. ஆனால் தென்னந்தோப்பின் அடங்கலில் (வி.ஏ.ஓ. எழுதும் பயிர்க் கணக்கு) "தென்னை" என்று மட்டும் எழுதிவிட்டு அடுத்த சர்வே எண்ணுக்குப் போய்விடுவார்கள். ஊடுபயிர் என்று ஒன்று இருப்பதே அலுவலகத்துக்குத் தெரியாது போல. வி.ஏ.ஓ.வைத் தோப்புக்கே அழைத்து வந்து காட்டி, "ஊடுபயிர்: திப்பிலி" என்று எழுத வைத்து நகல் வாங்கிக்கொள்ளுங்கள். இதை நடவு முடிந்த வாரமே செய்யுங்கள்.