கீழதிகாரிகளின் கலகம்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

போன ஞாயிறு எங்கள் சபை ஐயர் ரோமர் 13-ஐ எடுத்துப் பிரசங்கம் செய்தார். ஆளுகிறவர் எப்படிப்பட்டவராக இருந்தாலும் கீழ்ப்படிய வேண்டும், எதிர்ப்பவன் தேவனையே எதிர்க்கிறான் என்றார். கல்லூரியில் எனக்குச் சொல்லித்தந்ததோ இதற்கு நேர் எதிர். கொடுங்கோல் மன்னனை எதிர்க்கும் உரிமையைப் பேசியவர்களே புராட்டஸ்டண்டுகள்தான், மக்களாட்சிக்கு விதை போட்டவர்களும் அவர்கள்தான் என்றார் பேராசிரியர். இரண்டில் எது சரி? அப்புறம், ஜான் நாக்ஸ் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதியதில்லையே, ஏன்?

ஜே., பாளையங்கோட்டை

அன்புள்ள ஜே.,

ஐயரும் பேராசிரியரும் ஒரே வசனத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுக்கிறார்கள். இழுபறி நடந்ததே அந்த வசனத்தின் மேல்தான். ஆனால் ‘மக்களாட்சிக்கு விதை’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எதிர்ப்புரிமையை எழுதியவர்களில் பெரும்பாலோருக்கு மன்னனிடம் எவ்வளவு பயமோ அவ்வளவு பயம் ஜனக்கூட்டத்திடமும் இருந்தது.

புராட்டஸ்டண்டு சீர்திருத்தத்தைத் தொடங்கிவைத்த லூதரையே பாருங்கள். 1525-இல் ஜெர்மன் விவசாயிகள் கிளர்ந்தபோது அவர்களை வெட்டிச் சாய்க்கலாம் என்று பிரபுக்களுக்கு எழுதிக்கொடுத்தவர். அதே லூதர் 1530-இல் டோர்காவ் நகரில் ஜெர்மன் சிற்றரசர்களுக்கெல்லாம் மேலிருந்த கத்தோலிக்கப் பேரரசரை எதிர்க்கலாமா என்ற பேச்சு வந்தபோது இறங்கி வந்தார். அநியாயமாகப் பலத்தைப் பிரயோகிக்கும் பேரரசரை எதிர்க்கப் பேரரசின் சட்டமே இடம் தருகிறது என்று சட்ட வல்லுநர்கள் வாதிட்டார்கள். அப்படியானால் அது உங்கள் துறை என்று அவர்களிடமே விட்டுவிட்டார். கேட்டவர்கள் விவசாயிகள் அல்ல, சிற்றரசர்கள் என்பதைக் கவனியுங்கள்.

வசனத்தில் ஒரு சந்து இருக்கிறது. ‘உண்டாயிருக்கிற அதிகாரங்கள் தேவனாலே நியமிக்கப்பட்டிருக்கிறது’ என்றுதான் நம் பழைய மொழிபெயர்ப்பிலும் இருக்கிறது. அதிகாரங்கள், பன்மை. ஸ்ட்ராஸ்பர்க் போதகர் மார்ட்டின் பூட்சர் இந்தப் பன்மையைப் பிடித்துக்கொண்டார். தேவன் பேரரசரை மட்டும் நியமிக்கவில்லை; சிற்றரசர், நகரசபை, நீதிபதி எல்லாரும் அவரால் நியமிக்கப்பட்டவர்களே. தன் பொறுப்பில் உள்ள ஜனங்களைக் காப்பது ஒவ்வொருவருக்கும் கடமை, மேலே இருப்பவன் அடித்தாலும்கூட. ‘கீழதிகாரிகள்’ கோட்பாடு என்பது இதுதான்.

இது காகிதத்தை விட்டு மதில்மேல் ஏறியது மக்டபர்க் நகரில். 1548-இல் பேரரசர் ஐந்தாம் சார்லஸ், பெரும்பாலும் பழைய கத்தோலிக்க முறைகளுக்கே திரும்பச் சொல்லி ஒரு மத ஆணை போட்டார். லூதர் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது, சீர்திருத்தச் சிற்றரசர்கள் போரில் தோற்றிருந்தார்கள். நகரங்கள் ஒவ்வொன்றாக வழிக்கு வந்தன. மக்டபர்க் வரவில்லை. அதன் அச்சுக்கூடங்கள் துண்டுப்பிரசுரங்களாகத் தள்ளின. ‘நம் ஆண்டவரின் கச்சேரி’ என்றே ஊருக்குப் பெயர். கச்சேரி என்றால் பாட்டு இல்லை, நம் தாத்தா காலத்து சர்க்கார் கச்சேரி.

1550 ஏப்ரலில் அந்த ஊர் போதகர்கள் ஒன்பது பேர் கையெழுத்திட்டு ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். அதே ரோமர் 13 அவர்கள் கையில் தலைகீழாகிறது. நன்மை செய்பவனுக்குப் புகழ்ச்சி, தீமை செய்பவனுக்குப் பயம், இதற்காகத்தான் அதிகாரம் என்று ரோமரை எழுதிய பவுல் சொல்கிறார். இதை அப்படியே புரட்டிச் செய்கிறவன் அந்த இடத்தில் தேவன் வைத்த அதிகாரியே அல்ல. ஆனால் அவசரப்படவும் இல்லை. அநியாயத்தைப் படிப்படியாகப் பிரிக்கிறார்கள். சின்னச் சின்ன அநியாயங்களைப் பொறுத்துக்கொள், உச்சத்துக்குப் போனால் மட்டும் எழு. ஓராண்டுக்கு மேல் முற்றுகை. கடைசியில் தங்கள் விசுவாசத்தை விட்டுக்கொடுக்காமல் சரணடைந்தார்கள். பேரரசருக்காக முற்றுகையிட்ட சாக்சனிச் சிற்றரசர் மோரிஸ் மறுவருடமே கட்சி மாறிப் பேரரசர் மேலேயே பாய, அவர் இன்ஸ்ப்ருக்கிலிருந்து ஆல்ப்ஸ் தாண்டி ஓடினார்.

பிரான்சில் கதை வேறு மாதிரி. அங்கே ஜெனீவாவின் சீர்திருத்தவாதி கால்வினைப் பின்பற்றிய புராட்டஸ்டண்டுகளான ஹ்யூகனாட்டுகள் 1562 முதல் போரிட்டார்கள். ஆனாலும் ‘மன்னர் நல்லவர், சுற்றியிருப்பவர்கள்தான் கெட்டவர்கள்’ என்று சொல்லிக்கொண்டே போரிட்டார்கள். (இந்தப் பேச்சு நமக்கும் பழக்கம்தான்.) 1572 ஆகஸ்ட் 24 பார்த்தலோமியு நாளில் பாரீசில் ஹ்யூகனாட்டுகளை வெட்டிக் குவித்தார்கள். இரண்டு நாள் கழித்து மன்னர் ஒன்பதாம் சார்லஸ் பாரீஸ் உச்ச நீதிமன்றத்துக்கே வந்து, நடந்தது என் உத்தரவுப்படிதான் என்று அறிவித்தார். இனி யாரைச் சாக்குச் சொல்ல?

அதன்பின் புத்தகங்கள் வரிசையாக வந்தன. 1573-இல் பிரான்சுவா ஹாட்மன், பிரான்சின் பழைய மன்னர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், அவர்களை நீக்கவும் முடிந்தது என்று வரலாற்றைத் தோண்டினார். 1574-இல் கால்வினின் வாரிசு பேசா எழுதியதை அச்சிட ஜெனீவா நகரசபை அனுமதிக்கவில்லை; பக்கத்து வீட்டுக்காரர் பிரான்ஸ் மன்னர் ஆயிற்றே. புத்தகம் ஆசிரியர் பெயரில்லாமல் வந்தது. அட்டையில், 1550-இல் மக்டபர்க்காரர்கள் வெளியிட்டது, இப்போது திருத்தி விரிவாக்கியது என்று போட்டுவிட்டார்கள். பொய்தான், ஆனால் கடன் எங்கே பட்டது என்று ஒப்புக்கொள்கிற பொய்.

1579-இல் ‘ப்ரூட்டஸ்’ என்ற புனைபெயரில் வந்த நூல் இவற்றில் கூர்மையானது. அட்டையில் எடின்பரோ, அச்சானது பாசெலில். தேவனும் மன்னனும் ஜனங்களும் சேர்ந்து ஓர் உடன்படிக்கை, மன்னனும் ஜனங்களும் தங்களுக்குள் இன்னொன்று. மன்னன் மீறினால் கட்டு அறுந்தது. சரி, எழுவது யார்? இங்கேதான் உங்கள் பேராசிரியர் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். ‘ஜனங்கள்’ என்றால் அவர்களுக்காக நிற்கும் அதிகாரிகள், பிரபுக்கள், நகரசபைகள். பைபிளில் யோராம் ராஜாவுக்கு எதிராகக் கலகம் செய்த லிப்னா ஊரைக் காட்டி, ஒரே ஒரு நகரம்கூட எழலாம் என்கிறார் ஆசிரியர். மன்னரின் முற்றுகையைத் தாங்கிய ஹ்யூகனாட்டு நகரம் லா ரோஷெல் அவர் மனதில் இருந்திருக்க வேண்டும். தனி மனிதனுக்கோ வாள் இல்லை. உரிமையே இல்லாமல் ஆட்சியைப் பறிக்க வருபவனை மட்டும் யாரும் எதிர்க்கலாம். மற்றபடி ஓடிப்போகலாம், ஜெபிக்கலாம், சாகலாம்.

1584-இல், அப்போதைய பிரான்ஸ் மன்னர் மூன்றாம் ஹென்றியின் தம்பி இறந்தார். அடுத்த வாரிசு யாரென்று பார்த்தால் ஹ்யூகனாட்டுத் தலைவர் நவார் ஹென்றி! ஒரே இரவில் என்று சொல்ல மாட்டேன், ஆனால் சீக்கிரமே ஹ்யூகனாட்டுகள் வாரிசுரிமையின் காவலர்கள் ஆனார்கள். ஹாட்மனே நவாருக்காகப் பேனா பிடித்தார். எதிர்ப்புரிமையை, நவார் மன்னராவதைத் தடுக்கத் திரண்ட கத்தோலிக்க லீக் எடுத்துக்கொண்டது. 1589-இல் மூன்றாம் ஹென்றியைக் கத்தியால் குத்தியவர் ஒரு கத்தோலிக்கத் துறவி. இதைக் கபடம் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. வீட்டில் பிணம் விழுந்தவர்கள் எழுதிய சட்டம் அது, சாவகாசமாக உட்கார்ந்து எழுதியதல்ல.

ஸ்காட்லாந்துச் சீர்திருத்தவாதி நாக்ஸ் விஷயம். அவரைத் தவிர்க்கவில்லை, அவரை நினைத்தால் சிரிப்பு வந்துவிடுகிறது. இங்கிலாந்தை ஆண்ட கத்தோலிக்க மேரியைக் குறிவைத்து, பெண் ஆள்வதே இயற்கைக்கு விரோதம் என்று 1558-இல் ஜெனீவாவில் ஒரு நூலை இறக்கினார். அந்த நவம்பரிலேயே மேரி இறந்தார். அரியணை ஏறியது புராட்டஸ்டண்டு எலிசபெத், அவரும் பெண். நாக்ஸ் ஸ்காட்லாந்து திரும்ப இங்கிலாந்து வழியாகப் போகக் கேட்டபோது அனுமதி கிடைக்கவில்லை. பாவம் கால்வின், தனக்கும் அந்தப் புத்தகத்துக்கும் சம்பந்தமில்லை என்று எலிசபெத்தின் அமைச்சர் செசிலுக்குக் கடிதம் எழுத வேண்டிவந்தது.