சோப்பைப் படிப்பது – கடிதம்

அன்புள்ள ஐயா,

இளநிலை வேதியியல் முடித்திருக்கிறேன். முதுநிலையில் கூழ்மங்கள் (பால், பெயின்ட் போல நுண்துகள்கள் நீர்மத்தில் பரவி மிதப்பவை), புறப்பரப்புகள் ஆகியவற்றின் பயன்பாட்டு அறிவியலைச் சிறப்புப் பாடமாக எடுக்க விரும்புகிறேன். “சோப்பும் பெயின்ட்டும் படிக்கவா இத்தனை செலவு?” என்று வீட்டில் கேட்கிறார்கள். அது தூய வேதியியல் ஆகாது என்று ஆசிரியர் ஒருவரும் சொன்னார். எனக்கே சில நேரம் அப்படித் தோன்றுகிறது. இதைப் படிக்கலாமா? வெளிநாட்டிலா, இங்கேயா? வேலை கிடைக்குமா?

(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது)

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் கடிதம் வந்த வாரத்தில் நான் கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்கு மலையடிவாரத்தில், அப்பாவின் பழைய ரப்பர் புரையை, அதாவது ரப்பர் பாலை ஷீட்டாக்கும் கொட்டகையை, ஒழித்துக்கொண்டிருந்தேன். நெளிந்துபோன அலுமினியத் தட்டங்களை அடுக்கிவைத்துவிட்டு உட்கார்ந்தபோதுதான் கடிதத்தை வாசித்தேன். வேறொரு வாரத்தில் வந்திருந்தால் இரண்டு வரியில் வாழ்த்துச் சொல்லி முடித்திருப்பேன்.

வெளிநாடா உள்நாடா என்பதையும் வேலையையும் விட்டுவிடுகிறேன். பெயின்ட், மருந்து, உணவு, தோல், பெட்ரோலியம் என்று இத்துறை தெரிந்தவர்களைத் தேடும் தொழில்கள் எவை என்பதை அரை நாள் உட்கார்ந்தால் நீங்களே கண்டுகொள்ளலாம். வீட்டார் கேட்டதிலும் பிழையில்லை. செலவு செய்கிறவர்கள் கேட்கத்தான் செய்வார்கள். என்னை வருத்தியது “எனக்கே சில நேரம் அப்படித் தோன்றுகிறது” என்ற உங்கள் வரி. மூன்றாண்டு வேதியியல் படித்த ஒருவர், சோப்பு ஏன் அழுக்கை நீக்குகிறது என்ற கேள்வியைத் தாழ்ந்த கேள்வி என்று எண்ணுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த மூன்றாண்டில் நீங்கள் எதைத்தான் கவனித்தீர்கள்?

சோப்புக் கரைசல் மின்சாரத்தை நன்றாகக் கடத்துகிறது. ஆனால் கரைந்த துகள்களின் எண்ணிக்கையைப் பொறுத்து அமையும் அதன் சவ்வூடு பரவல் அழுத்தமோ, கரைந்த பொருளின் அளவுக்கு இருக்க வேண்டியதைவிடக் குறைவாக இருக்கிறது. இந்த முரணைப் பிடித்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் உழைத்தவர் பிரிஸ்டலில் இருந்த ஜேம்ஸ் மெக்பெயின். சோப்பின் அயனிகள் நீருக்குள் கொத்துக்கொத்தாகத் திரள்கின்றன என்று அவர் 1913இல் சொன்னார். மைசெல் என்று நீங்கள் பாடநூலில் படித்தது அதைத்தான். நீரில் கரையாத மருந்துகளை உடலுக்குள் கொண்டுசெல்ல இன்று மைசெல்கள் உதவுகின்றன. புனேயில் தேசிய வேதியியல் ஆய்வகம் தொடங்கப்பட்டபோது அதன் முதல் இயக்குநராக வந்தவரும் இதே சோப்பு ஆராய்ச்சியாளர்தான்.

சாந்தி ஸ்வரூப் பட்நாகரின் பெயரை இந்திய அறிவியல் விருதின் பெயராக மட்டும் அறிந்திருப்பீர்கள். அவர் லண்டனில் வேதியியலாளர் டொனானிடம் ஆய்வு செய்து 1921இல் முனைவரானார். அந்த ஆய்வு எண்ணெய்களின் பரப்பு இழுவிசை, அதாவது நீர்மத்தின் மேற்பரப்பைச் சுருக்கி இழுக்கும் விசை, பற்றியது. பின்னர் அவர் லாகூரில் இருந்தபோது, ராவல்பிண்டிப் பகுதியில் எண்ணெய்க் கிணறு தோண்டிய நிறுவனத்துக்கு ஒரு சிக்கல் வந்தது. துளையிடும்போது செலுத்தும் சேறு, நிலத்தடி உப்புநீர் பட்டதும் இறுகிக் கட்டியாகி வேலையை நிறுத்திவிட்டது. அதைக் கூழ்மச் சிக்கல் என்று கண்டுகொண்ட பட்நாகர், சேற்றில் நம் நாட்டு மரப்பிசினைச் சேர்க்கச் சொன்னார். சேறு இளகி ஓடியது. உப்பும் அதை இறுக்கவில்லை. நிறுவனம் ஆராய்ச்சிக்கென்று கொடுத்த ஒன்றரை லட்சம் ரூபாயை அவர் பல்கலைக்கழகத்தின் வழியாகவே பெற்றுக்கொண்டார். அதில் பெட்ரோலிய ஆராய்ச்சிக்கு ஒரு துறை உருவாயிற்று. உங்கள் ஆசிரியர் எதைத் தூய வேதியியல் என்கிறாரோ எனக்குத் தெரியாது. சேற்றில் கை வைத்ததால் பட்நாகரின் வேதியியல் அழுக்காகிவிடவில்லை.

இனி என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் விடியும் முன்பே ரப்பர் மரங்களில் பால் வெட்டப் போவார். வெயில் ஏறுமுன் வாளிகளில் பாலைச் சேர்த்துப் புரைக்குக் கொண்டுவருவார். அதை அரித்து, தண்ணீர் கலந்து, தட்டங்களில் ஊற்றி, நீர்த்த ஃபார்மிக் அமிலத்தை விட்டுக் கலக்குவார். மறுநாள் ஷீட் அடிப்பதென்றால் ஆசிட் குறைவு, அன்றைக்கே அடிப்பதென்றால் கூடுதல். கலக்கியதும் மேலே எழும் நுரையைக் கையாலேயே வழித்தெடுப்பார். ஒரு குமிழிகூட மிஞ்சக் கூடாது, மிஞ்சினால் ஷீட்டில் அது தெரியும், கடையில் தரம் இறங்கும். விடுமுறைகளில் அந்த நுரையை வழிக்கும் வேலை எனக்கு வரும். புளித்த பாலின் நாற்றம் விரல்களில் நாள் முழுக்க நிற்கும் என்பதற்காக நான் அதை வெறுத்தேன். கல்லூரி விடுதியில் அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டவர்களிடம் விவசாயம் என்று மட்டும் சொன்னேன்.

முதுநிலை முதலாண்டில் ஒரு பிற்பகல், எங்கள் பேராசிரியர் கரும்பலகையில் ஒரு வட்டம் வரைந்து அதைச் சுற்றி எதிர்க்குறிகளை இட்டார். ரப்பர் துகளின் மேல் புரதமும் கொழுப்பும் படிந்த உறை இருக்கிறது, அதன் எதிர்மின்சுமையால் துகள்கள் ஒன்றையொன்று விலக்கியபடி பாலில் மிதக்கின்றன, அமிலம் சேர்ந்ததும் அந்தச் சுமை குன்றி அவை ஒட்டிக்கொள்கின்றன என்று விளக்கினார். நுரை எழுவதற்கும் அந்தப் புரதமே காரணம் என்றார். எனக்கு உடம்பு சிலிர்த்தது. அப்பா அறிந்திருந்த ஆசிட் கணக்கு முழுவதும் அந்த வட்டத்துக்குள் இருந்தது. அந்த வாரமே ஊருக்குப் போய் அவரிடம் அதைச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, “அப்படின்னா மழைக்காலத்துல மரத்துல கட்டுன கப்புக்குள்ளயே பால் பிரிஞ்சு போகுதே, அது ஏன்?” என்றார். என்னிடம் பதில் இல்லை. நுண்ணுயிர்கள் பெருகி அமிலத்தை உண்டாக்குகின்றன என்று நூலகத்தில் தேடி அறிந்து, அடுத்த மாதம்தான் அவருக்குச் சொன்னேன். நான் படித்த படிப்பில் எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த ஆய்வுக் கேள்வி அவரிடமிருந்து வந்ததுதான். அதைக் கேட்கும் வயது வரைக்கும் அவர் தொழிலைச் சொல்ல நான் கூசியிருந்தேன் என்பது இன்றும் என்னை உறுத்துகிறது. அதனால்தான் உங்களிடம் கடுமையாகப் பேசுகிறேன்.

ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் ஆக்னஸ் பாக்கெல்ஸ் என்ற பெண், நோயுற்ற பெற்றோரைப் பார்த்துக்கொண்டு வீட்டோடு இருந்தவர். பல்கலைக்கழகம் அவருக்குக் கிடைக்கவில்லை. இயற்பியல் படித்த தம்பி அனுப்பிய நூல்களே துணை. தகரத் தொட்டியில் நீர் நிரப்பி, குறுக்கே ஒரு தகரப் பட்டையை நகர்த்தி, நீர்ப்பரப்பிலிருந்து ஒரு பொத்தானைத் தூக்க எவ்வளவு விசை வேண்டும் என்று தராசில் அளந்தார். மாசு படிந்த நீர்ப்பரப்பைச் சுருக்கிக்கொண்டே வந்தால், ஒரு கட்டம் வரை பரப்பு இழுவிசை மாறாமலிருந்து பிறகு சட்டென்று விழுவதைக் கண்டார். 1891இல் அதைக் கடிதமாக ஆங்கில இயற்பியலாளர் ராலே பிரபுவுக்கு எழுதினார். ராலே அதை மொழிபெயர்க்கச் செய்து நேச்சர் இதழுக்கு அனுப்பி வெளியிட வைத்தார். இதே பாதையில் மேலும் சென்ற அமெரிக்க வேதியியலாளர் லாங்மியூர் 1932இல் நோபல் பரிசு பெற்றார். அதே ஆண்டு, எழுபது வயதில், பாக்கெல்ஸுக்கு ஊர்ப் பல்கலைக்கழகம் மதிப்புறு முனைவர் பட்டம் அளித்தது. அவருக்குத் திறக்காத கதவு உங்களுக்குத் திறந்திருக்கிறது. வாசலில் நின்று, உள்ளே இருப்பது தூயதுதானா என்று கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

படியுங்கள். எங்கே என்று முடிவு செய்யுமுன் அந்தத் துறையின் ஆய்வகத்தை ஒருமுறை நேரில் பாருங்கள். கண்ணாடிக் கலங்களை எப்படிக் கழுவுகிறீர்கள் என்று அங்குள்ள மூத்த மாணவரிடம் கேளுங்கள். விரலிலிருந்து ஒட்டும் சிறிதளவு எண்ணெயே புறப்பரப்பு அளவீட்டைப் பாழாக்கப் போதும். அவர் சலித்துக்கொள்ளாமல் உங்களை நீர்த்தொட்டி வரை அழைத்துப் போய்ச் செய்து காட்டினால், அங்கேயே சேர்ந்துவிடுங்கள்.