பறவைப் பேன்களின் உறவுமுறை: கேள்வி பதில்

கேள்வி: கோடியக்கரையில் பல இன உள்ளான்கள் ஒரே சேற்றில் நெருக்கியடித்து மேய்கின்றன. அவற்றின் பேன்கள் கலந்துவிடாதா?

பதில்: கலக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். உள்ளான்களின் இறகில் வாழும் லுனாசெப்ஸ் என்ற வகைப் பேன்களின் மைட்டோகாண்ட்ரிய (தாய்வழி வரும்) மரபணுக்களை ஸ்வீடனைச் சேர்ந்த குஸ்தாஃப்சனும் ஓல்சனும் ஒப்பிட்டு 2012இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே வலசைப் பாதையில் செல்லும் வெவ்வேறு இனங்களின் பேன்கள் பெரிய அளவில் ஒன்றாகிவிடவில்லை என்றே தெரிந்தது. பேன் பறக்காது, குதிக்காது. ஈரை இறகிலேயே ஒட்டி வைக்கும். பறவையை விட்டு விலகினால் சில நாட்களில் மடியும். ஆகவே பக்கத்தில் மேய்வது போதாது. இறகோடு இறகு உரச வேண்டும். அது பெரும்பாலும் கூட்டிலும் இணைசேரும்போதும், அதாவது சொந்த இனத்துக்குள்ளேயே நடக்கிறது.

ஓர் எச்சரிக்கை: ஆய்வுக்காகப் பறவைகளைப் பிடித்துக் காலில் அடையாள வளையமிடும்போது இரண்டு பறவைகளை ஒரே துணிப்பையில் அடுத்தடுத்து இடாதீர்கள். பையில் தங்கிய பேன் அடுத்த பறவையில் ஏறிவிட்டால் உங்கள் பதிவு பொய்யாகிவிடும்.

கேள்வி: இந்தப் பேன் மனிதர் தலைக்கு வருமா?

பதில்: வராது.

கேள்வி: பிற பறவையின் கூட்டில் வளரும் குயில் குஞ்சுக்கு வளர்ப்புத் தாயின் பேன்தானே ஒட்டும்?

பதில்: ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் காணப்படும் வலசைக் குயிலிடம் குயிலுக்கே உரிய பேன்கள்தான் இருக்கின்றன. ஜப்பானில் புரூக்கும் நாகமுராவும் ஆராய்ந்தபோது (1998), கூட்டை விட்டுக் கிளம்பும் குஞ்சுகளிடம் அந்தப் பேன்கள் இல்லை. பிற குயில்களோடு பழகிய பிறகே அவை வந்து சேர்கின்றன.

கேள்வி: பூநாரைக்கும் வாத்துக்கும் ஒரே வகைப் பேன்கள் உள்ளன. எனவே பூநாரை வாத்தினமே அல்லவா?

பதில்: அல்ல. முன்பு பலர் அப்படித்தான் வாதிட்டார்கள். பறவைகளின் டிஎன்ஏ பூநாரைக்கு மிக நெருங்கிய உறவாக முக்குளிப்பானைக் காட்டிய பிறகு, பேன்கள் வாத்திலிருந்து பூநாரைக்குத் தாவியிருக்க வேண்டும் என்ற விளக்கம்தான் எளிதாகக் கைக்கு வரும். ஆனால் ஆய்வாளர் ஜான்சன் குழுவினர் 2006இல் பேன்களின் மரபணுக்களைப் பார்த்தபோது பூநாரைப் பேனும் முக்குளிப்பான் பேனும் நெருங்கிய உறவினராக நின்றன. தாவல் நடந்த திசையோ பூநாரையிலிருந்து வாத்துக்கு. பேன் சரியான சாட்சியைத்தான் சொன்னது, கேட்டவர்கள்தான் ஒரு பாதியை மட்டும் கேட்டுக்கொண்டார்கள்.

கேள்வி (அதே வாசகர்): அப்படியானால் பேனை வைத்துப் பறவை உறவைத் தீர்மானிக்கலாம் என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள்.

பதில்: ஒப்புக்கொள்ளவில்லை. பறவையின் மரபணு தனியாகவும் பேனின் மரபணு தனியாகவும் ஆராயப்பட்ட பிறகே அந்தத் திசை புலப்பட்டது. புறாக்களைப் பாருங்கள். சிறகுப் பேன் ஒல்லியாக, இறகின் இழைகளுக்கிடையே குச்சிபோல் நுழைந்துகொள்ளும். உடற்பேன் உருண்டையாக, அடிமயிரில் பதுங்கும். சிறகுப் பேன், புறாக்களின் இரத்தம் குடிக்கும் புறா ஈயின் காலைப் பற்றிக்கொண்டு வேறு புறாவுக்குப் பயணிக்கும். உடற்பேன் அப்படிப் போவது அரிது. அதனால்தான் உடற்பேன்களின் கிளைப்படம் (எது எதிலிருந்து பிரிந்தது என்று காட்டும் வம்சாவளிப் படம்) புறாக்களின் கிளைப்படத்தோடு நன்றாகப் பொருந்துகிறது, சிறகுப் பேன்களுடையது அவ்வளவாகப் பொருந்துவதில்லை. ஒரே பறவையின் உடலிலேயே இருவேறு வரலாறுகள் இருக்கும்போது எந்தப் பேனை நீங்கள் நம்புவீர்கள்?

கேள்வி: பறவைப் பேன் குழந்தைகளுக்குத் தொற்றுமா?

பதில்: மேலே இரண்டாவது பதிலைப் பாருங்கள்.

கேள்வி: என் கூண்டுக் கிளிக்குப் பேன் மருந்து சொல்லுங்கள்.

பதில்: கால்நடை மருத்துவரிடம் செல்லுங்கள்.

கேள்வி: குளக்கரையில் இறந்துகிடந்த வாத்தில் ஒரு பேன் கிடைத்தது. இது வாத்துப் பேன்தானே?

பதில்: பக்கத்தில் வேறு பறவை கிடந்ததா, எந்தப் பையில் எடுத்து வந்தீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். பைகளைப் பற்றி மேலே எழுதியிருக்கிறேன்.