குழுவில் அமர்தல் – ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். என் தம்பி பன்னிரண்டு ஆண்டுகளாகக் குடித்தவன். மருத்துவமனையில் தங்கி சிகிச்சை பெற்று ஐந்து மாதம் குடிக்காமல் இருந்தான். வாரம் இருமுறை குழு சிகிச்சைக்குச் செல்ல வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார், சென்றுகொண்டும் இருந்தான். சென்ற மாதம் இரண்டு நாள் குடித்துவிட்டான். பிறகு தொடவில்லை. ஆனால் “இனி எந்த முகத்தோடு அங்கே போய் உட்காருவது?” என்று குழுவுக்குப் போக மறுக்கிறான். அவன் சாப்பிடும் நால்ட்ரெக்ஸோன் மாத்திரையும் ஒரு போதைதான் என்று குழுவில் ஒருவர் சொன்னாராம். அதையும் தட்டிக்கழிக்கத் தொடங்கியிருக்கிறான். எனக்கே ஓர் ஐயம் உண்டு. தாங்களே விழுந்து எழுந்தவர்கள் இன்னொருவரை எப்படித் தூக்கிவிட முடியும்? மருத்துவரிடம் தனியாகப் பேசினால் போதாதா? பெயரை வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் ஐயத்திலிருந்தே தொடங்குகிறேன். 1935 மே மாதம் பில் வில்சன் என்ற நியூயார்க் பங்குத் தரகர் தொழில் நிமித்தமாக ஒஹையோ மாநிலத்தின் ஆக்ரன் நகருக்குப் போனார். உங்கள் தம்பியைப் போலவே அவரும் குடியை விட்டு ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. போன காரியம் கைகூடவில்லை. தங்கியிருந்த விடுதியின் முன்கூடத்தில், ஒரு பக்கம் மதுக்கூடமும் மறுபக்கம் தொலைபேசியும் இருக்க, அவர் நடுவில் உலவிக்கொண்டிருந்தார். கடைசியில் தொலைபேசியை எடுத்து, தேவாலயங்களின் பட்டியலைப் பார்த்து அழைத்துக் கேட்டது ஒன்றைத்தான்: பேசுவதற்கு இந்த ஊரில் ஒரு குடிநோயாளி கிடைப்பாரா? அப்படிக் கிடைத்தவர் அறுவை சிகிச்சை மருத்துவரான பாப் ஸ்மித். பதினைந்து நிமிடத்துக்கு மேல் இருக்க மாட்டேன் என்று சொல்லிக்கொண்டு வந்த பாப், இரவு நெடுநேரம்வரை பேசிக்கொண்டிருந்தார். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏ.ஏ.) என்ற, குடிநோயாளிகளின் சுயஉதவி அமைப்பு அந்தப் பேச்சிலிருந்து பிறந்தது.

இதில் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பது, பில் அன்று பாபைக் காப்பாற்றப் போகவில்லை என்பதைத்தான். அவர் தன்னைக் காத்துக்கொள்ள ஓர் ஆளைத் தேடினார். பாபுக்கோ அறிவுரை சொல்ல ஆட்களுக்குப் பஞ்சமில்லை, அவரே மருத்துவர். அனுபவித்துத் தெரிந்துகொண்டு பேசிய முதல் ஆள் பில்தான் என்று அவர் பின்னாளில் எழுதினார். விழுந்தவர் இன்னொருவரை எப்படித் தூக்க முடியும் என்று கேட்கிறீர்கள். தூக்கப் போகிறவருக்கும் பிடித்துக்கொள்ள ஒரு கை வேண்டியிருக்கிறது; குழு இயங்குவது இந்த இருவழித் தேவையால்தான். மருத்துவரிடம் உங்கள் தம்பி எப்போதும் நோயாளி மட்டுமே. குழுவில் அவர் இன்னொருவருக்குப் பயன்படுகிற மனிதரும்கூட. பன்னிரண்டு ஆண்டுகளாக வீட்டிலும் வெளியிலும் எதற்கும் ஆகாதவர் என்ற பார்வையைச் சுமந்தவருக்கு இது சிறிய விஷயமில்லை.

இன்னொன்றும் உண்டு. குழுவை ஏமாற்றுவது கடினம். பார்வையாளர்களை அனுமதிக்கும் குழு சிகிச்சை அமர்வொன்றில் சில ஆண்டுகளுக்கு முன் உட்கார்ந்திருந்தேன். (நடந்ததை உரியவரின் இசைவோடு, அடையாளம் தெரியாதபடி எழுதுகிறேன்.) நடுவயதுக்காரர் ஒருவர், பழைய குடிக்கூட்டாளியின் வீட்டுக்குப் போனதையும் குடிக்காமல் திரும்பி வந்ததையும் சற்றுப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இரவல் வாங்கிய குடையைத் திருப்பிக் கொடுக்கத்தான் போனாராம். ஆலோசகர் பாராட்டும் முகமாகத் தலையசைத்தார், நானும்தான். எதிரே இருந்த முதியவர் மட்டும் கேட்டார்: “மழை விட்டு எத்தனை மாசம் ஆச்சு?” ஒரு கணம் அமைதி. பிறகு குடைக்காரரே முதலில் சிரித்தார், எல்லோரும் சிரித்தார்கள். அதன்பின் அவர் பேசியது வேறு பேச்சு. அந்தக் கேள்வியை எந்தப் பட்டப்படிப்பும் கற்றுத்தராது. அப்படியொரு குடையோடு தானும் ஒருநாள் கிளம்பியவருக்கே அது தோன்றும்.

ஏ.ஏ. போன்ற சுயஉதவிக் கூட்டங்களும் குழு சிகிச்சையும் ஒன்றல்ல என்பதைச் சொல்லிவிட வேண்டும். சுயஉதவிக் கூட்டத்தில் சிகிச்சையாளர் கிடையாது. அவரவர் அனுபவத்தைச் சொல்ல, மற்றவர்கள் குறுக்கிடாமல் கேட்பார்கள். குழு சிகிச்சையைப் பயிற்சி பெற்ற ஒருவர் நடத்துவார். பெரும்பாலும் பத்துப் பேருக்குள், ஒன்று அல்லது ஒன்றரை மணி நேரம். உறுப்பினர்கள் ஒருவரோடொருவர் நேராகப் பேசுவதும் அங்கே சிகிச்சையின் பகுதி. பலர் இரண்டுக்கும் போகிறார்கள். மனநல மருத்துவரைத் தனியே பார்ப்பதும் தொடரட்டும். ஒன்று மற்றொன்றுக்கு மாற்றாகாது.

இனி உங்கள் தம்பியின் சறுக்கல். பில்லைச் சந்தித்த சில வாரங்களில் பாப் ஒரு மருத்துவ மாநாட்டுக்குப் போனார்; அங்கே மறுபடியும் குடித்தார், நிதானமிழந்து ஊர் திரும்பினார். பில் உடனிருந்து அவரைத் தேற்றினார். அறுவை சிகிச்சை செய்யவேண்டிய காலையில் கைநடுக்கம் நிற்பதற்காக ஒரு பீரைக் கொடுத்ததும் பில்தான். பாப் குடித்த கடைசி மது அது. 1935 ஜூன் 10 என்று குறிக்கப்படும் அந்த நாளையே ஏ.ஏ. தன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது. தம்பி எந்த முகத்தோடு போவது என்று கேட்டால் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

ஒரு தடவை குடித்ததைவிட, ‘எல்லாம் போயிற்று, இனி எதற்குத் தடுப்பது’ என்ற எண்ணமே மனிதரை முழுதாகப் பழைய நிலைக்குத் தள்ளுகிறது என்பதை உளவியலாளர் ஆலன் மார்லட் விரிவாக எழுதியிருக்கிறார். சறுக்கலும் வீழ்ச்சியும் வேறுவேறு. இடையில் சில மணிகளோ நாட்களோ இருக்கின்றன, அந்த இடைவெளியில் மனிதர் எங்கே இருக்கிறார் என்பதுதான் கேள்வி. உங்கள் தம்பி இரண்டாம் நாளோடு நிறுத்தியிருக்கிறார். அப்படி நிறுத்த எப்படி முடிந்தது என்று அவரைக் கேட்கக் கூடியவர்கள் அந்தக் குழுவில்தான் இருக்கிறார்கள். (மறுபடி பல நாள் தொடர்ந்து குடிக்க நேர்ந்தால், சட்டென நிறுத்தும்போது வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம், அப்போது முதலில் மருத்துவமனை, பிறகுதான் குழு.)

மாத்திரை பற்றி அந்த உறுப்பினர் சொன்னது தவறு. நால்ட்ரெக்ஸோன் போதை தருவதில்லை, பழக்கமாகவும் ஆவதில்லை. மூளையில் மது தரும் கிளர்ச்சியை மட்டுப்படுத்துகிறது. ஹெராயின் போன்றவற்றிலிருந்து மீள்பவர்கள் உட்கொள்ளும் மெத்தடோனையும் பூப்ரினார்ஃபினையும் பற்றி இதே பேச்சைப் பேசி நிறுத்தவைத்தால் உயிரே போகலாம், ஏனெனில் மருந்தை நிறுத்தியவர் மறுபடி ஹெராயினுக்குத் திரும்பினால், தாங்கும் திறன் குறைந்துவிட்ட உடல் பழைய அளவைத் தாங்காது. உறுப்பினர் எவரும் மருத்துவர் வேலை பார்க்கக் கூடாது என்று ஏ.ஏ. அமைப்பின் கையேடே சொல்கிறது. இந்தச் செய்தியை ஆலோசகரின் காதில் போடுங்கள்.

எல்லாக் குழுவும் நல்ல குழு என்றும் நான் சொல்லமாட்டேன். 1958-இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய சினனான் என்ற போதை மீட்பு அமைப்பில், ஒருவரை நடுவில் வைத்து மணிக்கணக்கில் ஏசித் தீர்ப்பதையே சிகிச்சை என்றார்கள். அது வன்முறைக் கூட்டமாகச் சீரழிந்தது. அதன் சாயலை இன்றும் சில இடங்களில் பார்க்கலாம். தனி ஆலோசனை பற்றி உளவியலாளர் வில்லியம் மில்லர் குழுவினர் 1993-இல் வெளியிட்ட ஆய்வில், ஆலோசகர் எந்த அளவுக்கு மோதினாரோ அந்த அளவுக்கு ஆலோசனைக்கு வந்தவர்களின் குடி பின்னாளில் கூடியிருந்தது. தம்பி திரும்பப் போகும்போது அங்கே அவரைத் திட்டி அனுப்பினால், வேறு குழு தேடுங்கள். மாறாக, குழு சிகிச்சையே வேண்டாம் என்ற முடிவுக்கு வந்துவிடாதீர்கள்.

ஒரு வேண்டுகோள். அடுத்த அமர்வுக்கு அவரைக் கொண்டுபோய் விடுவதானால் வாசலோடு நின்றுகொள்ளுங்கள். இரண்டு நாள் குடித்த செய்தியை ஆலோசகரிடம் நீங்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டாம். உள்ளே போய் அவரே சொல்லட்டும்.

அன்புடன்