நாலு பேர் சேர்ந்து கேம் ஸ்டுடியோ: ஆளுக்கு 25 சதவீதம் என்று பேசிவைத்தால் போதுமா?

கேள்வி: கல்லூரியில் ஒன்றாகப் படித்த நாங்கள் நான்கு பேர், கோவையில் ஒரு வருடமாக ஒரு கேம் செய்துகொண்டிருக்கிறோம். ஒருவன் கோட், ஒருத்தி ஆர்ட், ஒருவன் இசை, நான் டிசைன். இசை செய்கிற நண்பன் மட்டும் வேலைக்குப் போய்க்கொண்டே செய்கிறான். அடுத்த வருடம் ஸ்டீம் என்ற இணைய கேம் கடையில் வெளியிட ஆசை. எதையும் பதிவு செய்யவில்லை, லாபத்தில் ஆளுக்கு 25 சதவீதம் என்று வாய்ப்பேச்சாக முடிவு செய்திருக்கிறோம். இது போதுமா?

பதில்: போதாது. 25 என்ற எண்ணைப் பற்றி அப்புறம் பேசலாம். அதைவிட அவசரமான ஒன்று இருக்கிறது: இதுவரை எழுதிய கோட், வரைந்த படம், போட்ட இசை எல்லாம் இன்றைய தேதியில் யாருடையது?

உங்கள் நால்வரில் யாரும் யாருக்கும் சம்பளக்காரர் இல்லை. அதனால் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, பொதுவாக யார் செய்தாரோ அவருக்கே அது சொந்தம். நாளைக்கே ஆர்ட்டிஸ்ட் தோழி பெங்களூரில் வேலை கிடைத்துப் போய்விட்டால், படங்களும் அவருடன் போகும். எங்கள் குழுவுக்கு இதுதான் நடந்தது. சண்டையே இல்லை, எங்கள் ஆர்ட்டிஸ்ட் நல்லபடியாகத்தான் விடைபெற்றுப் போனார், ஆனால் கேமை வெளியிட ஒரு பப்ளிஷர் முன்வந்து "எல்லாப் படங்களும் உங்களுடையவை என்பதற்குக் காகிதம் கொடுங்கள்" என்று கேட்டபோது கையெழுத்து வாங்க அவரைப் பிடிக்கவே முடியவில்லை, கடைசியில் பின்னணிப் படங்கள் அத்தனையையும் திரும்ப வரைந்தோம், அதற்குள் அந்த பப்ளிஷரும் போய்விட்டார். இன்றைக்கும் அதை நினைத்தால் வயிறு எரிகிறது, ஏனென்றால் ஒரு பக்கத்துக் காகிதத்தில் முடிந்திருக்க வேண்டிய விஷயம் அது.

அந்தக் காகிதத்தில் என்ன இருக்க வேண்டும்? உரிமையை நிறுவனத்துக்கு மாற்றித் தருவதாக எழுத்தில், கையெழுத்துடன் இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் "சரி மச்சி" என்றதை நம்பி உட்காராதீர்கள். எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால் சட்டம் அதை 5 வருடம் என்று எடுத்துக்கொள்ளும். எந்த நாடுகளுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். ஸ்டீமில் உலகம் முழுக்க விற்கப்போகிற உங்களுக்கு இது எவ்வளவு பெரிய ஓட்டை என்று பாருங்கள். இன்னொன்றும் உண்டு: வாங்கிய உரிமையை ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகிவிடும், வேறுவிதமாக எழுதியிருந்தால் தவிர. கேம் எப்போதும் தள்ளிப்போகும், ஆகவே அதையும் எழுதுங்கள். இதுவரை செய்த வேலை, இனி செய்யப்போகும் வேலை இரண்டும் அதில் அடங்கட்டும்.

சரி, உரிமையை வாங்கிக்கொள்ள ஒரு நிறுவனம் வேண்டுமே. உங்கள் நிலைமைக்கு நான் எல்எல்பியைத்தான் (பங்காளிகளின் கடன் பொறுப்புக்கு வரம்பு உள்ள கூட்டு நிறுவனம்) சொல்வேன். சாதாரணக் கூட்டு நிறுவனம் என்றால் கடன் உங்கள் வீட்டுச் சொத்து வரைக்கும் வரலாம், பதிவு செய்யாத கூட்டு என்றால் ஒப்பந்தத்தை மீறியவர்மேல் வழக்குப் போடக்கூட முடியாது. எல்எல்பியில் வருமானமே இல்லாவிட்டாலும் ஒவ்வொரு வருடமும் படிவம் 8 (கணக்கு அறிக்கை), படிவம் 11 (ஆண்டறிக்கை) தாக்கல் செய்தாக வேண்டும், மறந்தால் தாமதக் கட்டணம் ஏறிக்கொண்டே போகும். வருட விற்பனை 40 லட்சத்தையோ நீங்கள் போடும் மூலதனம் 25 லட்சத்தையோ தாண்டாதவரை கணக்குத் தணிக்கை கட்டாயமில்லை. முதலீட்டாளர் நிஜமாகவே வாசலுக்கு வந்தால் பிரைவேட் லிமிடெட்டாக மாற்றிக்கொள்ளலாம். ஸ்டீம் கணக்கை ஒருவர் பெயரில் அவசரப்பட்டுத் திறக்காதீர்கள், எல்எல்பி பெயரில், எல்எல்பி வங்கிக் கணக்கோடு திறங்கள்.

இனி 25 சதவீதம். சமமாகப் பிரிப்பதை நான் எதிர்க்கவில்லை. பிரான்ஸில் போர்தோ நகரத்தின் மோஷன் ட்வின், எல்லாருக்கும் ஒரே சம்பளம், ஒரே ஓட்டு என்று தொழிலாளர் கூட்டுறவாக இருந்துகொண்டே 'டெட் செல்ஸ்' கொண்டுவந்தார்கள். ஆனால் அங்கே இருந்தவர்களுக்கு அதுதான் முழுநேரப் பிழைப்பு. உங்களிடம் ஒருவர் மாலை நேரத்தில் மட்டும் வருகிறார். அவரிடம் மனம்விட்டுப் பேசுங்கள்: ஸ்டுடியோவில் பங்கு வேண்டுமா, அல்லது இந்த கேமின் வருமானத்தில் மட்டும் ஒரு சதவீதம் போதுமா? பெரும்பாலும் இரண்டாவதுதான் அவருக்கும் நிம்மதி.

மற்ற மூவருக்கும் பங்கு முதல் நாளே கைக்கு வரக் கூடாது, மாதாமாதம் உழைத்துச் சேர வேண்டும். வழக்கமான கணக்கு 4 வருடம், முதல் வருடத்துக்குள் போனால் ஒன்றும் கிடையாது. 25 சதவீதக்காரர் 18 மாதத்தில் விலகினால் 48ல் 18 பங்கு, அதாவது சுமார் 9.4 சதவீதம் அவருக்கு, மீதி ஸ்டுடியோவுக்கே திரும்பும். நீங்கள் ஏற்கெனவே உழைத்த ஒரு வருடத்தையும் அதில் சேர்த்துக்கொள்வதுதான் நியாயம்.

பிரிப்பதற்கு எவ்வளவு வரும் என்பதையும் இப்போதே போட்டுப் பாருங்கள். ஸ்டீமில் ஒரு கேமுக்குக் கட்டணம் 100 டாலர், விற்பனையில் 30 சதவீதம் அவர்களுக்கு. வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியவர் பணத்தைத் திரும்பக் கேட்கலாம், அதுவும் கழியும். அமெரிக்க விற்பனையில் அங்கே வரி பிடிப்பார்கள். ஸ்டீமின் வரிப் படிவத்தில் பான் எண்ணைக் கொடுத்து இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தச் சலுகையைக் கேட்டால் அந்த வரி 30க்குப் பதில் 15 சதவீதம். இத்தனையும் போன பிறகுதான் உங்கள் மூவரின் சாப்பாடு.

யார் சொல்வது கடைசி என்பதையும் முடிவு செய்துவிடுங்கள். ஓட்டெடுப்பு வேண்டாம், நாலு பேரில் இரண்டுக்கு இரண்டு என்று நின்றுபோகும். படத்தில் ஆர்ட்டிஸ்ட் சொல்வது, கோடில் ப்ரோக்ராமர் சொல்வது, எந்த லெவலை வெட்டுவது என்பதில் நீங்கள் சொல்வது. கோடைச் சேமித்து வைக்கும் கிட்ஹப், உங்கள் இணைய முகவரியான டொமைன், ஸ்டீம் மூன்றிலும் இரண்டு பேருக்கு முழு அனுமதி இருக்கட்டும், ஒரே ஒருவரின் போன் தொலைந்து ஸ்டுடியோவே பூட்டிக்கொண்ட கதை எனக்குத் தெரியும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை நால்வரும் உட்காருங்கள். சம்பளம் இல்லாமல் இன்னும் எத்தனை மாதம் தாக்குப்பிடிக்க முடியும் என்று ஒவ்வொருவரும் தனித்தனியாகத் தாளில் எழுதி, பிறகு ஒன்றாகக் காட்டுங்கள். அதில் மிகச் சிறிய எண் எதுவோ, அதற்குள் முடிகிற அளவுக்கு கேமை வெட்டிவிட்டு, மறுநாள் அந்த உரிமைக் காகிதத்தோடு ஒரு வக்கீலைப் பாருங்கள்.