பூட்டைத் திறவுங்கள், ஆச்சி

கேள்வி: பழைய அரண்மனை, கலெக்டர் பங்களா, செட்டிநாட்டு வீடு என்று எதைப் பார்த்தாலும் மியூசியம், ஓட்டல், காபிக் கடை என்று மாற்றிவிடுகிறார்கள். கூட்டமும் அலைமோதுகிறது. படம் எடுத்துப் போடும் ஆசையைத் தவிர அங்கே போக வேறு என்ன இருக்கிறது? எங்கள் பூர்வீக வீட்டையும் ஓட்டல் நடத்தக் குத்தகைக்குக் கேட்டு வந்திருக்கிறார்கள். பங்காளிகள் சரி என்கிறார்கள். வீடு வீடாகவே இருந்துவிட்டுப் போகட்டுமே என்பது என் கட்சி. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: ஆச்சி, முதலில் நான் ஒன்று கேட்கிறேன். அந்த வீடு இப்போது வீடாகவா இருக்கிறது? அங்கே கடைசியாக அடுப்பு எரிந்தது எப்போது? வருஷத்துக்கு இரண்டு நாள் முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்குத் திறந்து, வௌவால் எச்சத்தைக் கழுவிவிட்டு, மறுபடி பூட்டிச் சாவியைக் காவல்காரரிடம் கொடுத்துவிட்டு வருகிறீர்கள் என்றால் அதற்குப் பெயர் சாமான் போட்டு வைக்கிற கிட்டங்கி. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் இருக்கின்றனவே, அங்கே சாய்த்து வைத்திருக்கும் தேக்குத் தூண்களையும் நிலைகளையும் நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதில் பலவும் இப்படிப் பூட்டிக் கிடந்து, ஒழுகி, பங்காளிகளுக்குள் ஒத்துவராமல் கடைசியில் இடித்து விற்ற வீடுகளில் நின்றவைதான்.

சரி, ஜனங்கள் ஏன் போகிறார்கள் என்ற விஷயத்துக்கு வருகிறேன். படம் எடுக்கிறார்கள், உண்மைதான். ஆனால் படம் எடுத்து முடித்த பிறகு அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? தூணைத் தொடுவார்கள். கதவின் கனத்தைத் தள்ளிப் பார்ப்பார்கள். நம்மை உள்ளே விடாத இடமாக இருந்தது, இப்போது விடுகிறார்கள், வந்து உட்காரலாம், கை வைத்துப் பார்க்கலாம் என்கிற அந்த நினைப்புதான் இழுக்கிறது என்று நான் திடமாக நம்புகிறேன்.

மதுரை தமுக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ராணி மங்கம்மாள் அரண்மனை என்று ஊர் சொல்லும் கட்டடம், அப்புறம் நவாப், கம்பெனி என்று கை மாறி, வெள்ளைக்கார அதிகாரிகள் குடியிருந்த இடம். 1955-இல் அரசாங்கம் அதை 13 ஏக்கர் நிலத்தோடு காந்தி நினைவு நிதி என்ற அமைப்புக்குக் கொடுத்தது, 1959 ஏப்ரல் 15 அன்று நேரு வந்து அருங்காட்சியகத்தைத் திறந்துவைத்தார். சுடப்பட்ட அன்று காந்தி உடுத்தியிருந்த, ரத்தக்கறை படிந்த துணி அங்கே இருக்கிறது. ஒருமுறை பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டம் ஒன்றின் பின்னால் போய் மாட்டிக்கொண்டேன், ஒரே கூச்சல், ஆனால் அந்தத் துணிக்கு முன்னால் வந்ததும் சத்தம் தானாக அடங்கியது. ஒரு பையன் மட்டும் பக்கத்தில் நின்றவனிடம் "நெசமாவே ரத்தமாடா?" என்று கேட்டான். மற்றவன் பதில் சொல்லவில்லை. ராணியும் கலெக்டரும் புழங்கிய மாளிகையில் யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து, அரை வேட்டி கட்டிய ஒருவருடைய துணிக்கு முன்னால் நிற்கிறார்கள் என்பது சின்ன விஷயமா?

அதே ஊரில் இன்னொன்று. 1921 செப்டம்பரில் காந்தி மதுரைக்கு வந்தபோது தங்கியது மேல மாசி வீதி 251-ஏ எண் வீட்டு மாடியில். 22-ஆம் தேதி முழு உடுப்பையும் விட்டுவிட்டு இடுப்பில் ஒரு வேட்டியோடு வெளியே வந்தது அங்கிருந்துதான். இன்றைக்கு அது கதர்க்கடை. துண்டு வாங்கப் போகிறவர் பில் போட நிற்கும்போது, அந்த முடிவை எடுத்த மாடி அவர் தலைக்கு மேலே இருக்கிறது. அந்த வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான பிழைப்பு எனக்குத் தோன்றவில்லை.

பாரிஸில் ஓர்சே ரயில் நிலையத்தை 1900 உலகக் கண்காட்சிக்காகக் கட்டினார்கள். பின்னால் வந்த நீளமான ரயில்களுக்கு நடைமேடை போதாமல் 1939-இலேயே தொலைதூர வண்டிகள் நின்றுபோய், ஒரு கட்டத்தில் இடித்துவிட்டு ஓட்டல் கட்டுவதாகக்கூட இருந்து, 1986-இல் ஓவிய அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். கண்ணாடிக் கூரையையும் பெரிய கடிகாரத்தையும் மறைக்காமல் விட்டதால், ஓவியம் பார்க்கப் போகிறவர்கள் ரயில் நிலையத்தையும் பார்த்துவிட்டு வருகிறார்கள்.

மறைத்துவிட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்திருக்கிறேன். பெயர் வேண்டாம், ஒரு பழைய மாளிகை ஓட்டலில் தங்கினேன். வெளிமுகம் அப்படியே இருந்தது, உள்ளே மரக்கூரைக்குக் கீழே ஜிப்சம் பலகை, தரை முழுக்கக் கம்பளம், முற்றத்துக்கு மேலே மூடி போட்டு ஏசி. கம்பளத்தின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன், உள்ளே பூப்போட்ட கல். மனசு விட்டுப்போய் மறுநாள் காலையிலேயே காலி செய்துவிட்டேன்.

உங்கள் வீட்டு விஷயத்தில் நீங்கள் மறந்துவிட்ட ஒன்று உண்டு, ஆச்சி. செட்டிநாட்டு வீடு நாலு பேர் குடும்பத்துக்காகக் கட்டியதே இல்லை. முகப்பில் ஆண்கள் கூடிப் பேச, நடு முற்றமான வளவைச் சுற்றி கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை, இரண்டாங்கட்டில் பந்தி, அதற்குப் பின்னால் ஊருக்கே சமைக்கிற அடுப்படி. ஊரும் உறவும் வந்து நாள் கணக்கில் தங்கிச் சாப்பிட்டுப் போகக் கட்டிய வீட்டில் விருந்தாளிகள் வந்து தங்குவது அதன் சுபாவத்துக்கு விரோதமா, நீங்களே சொல்லுங்கள். தரையில் பதிக்கிற ஆத்தங்குடிக் கல்லும் அப்படித்தானே, கால் பட்டுப் பட்டுத்தான் மெருகேறும், நடமாட்டம் இல்லாவிட்டால் மங்கிக் கிடக்கும்.

அதனால் கொடுங்கள் என்கிறேன், ஆனால் கேட்டதற்கெல்லாம் தலையாட்டிவிட்டுக் கொடுக்காதீர்கள். வளவை மூடக் கூடாது. சுண்ணாம்பும் முட்டை வெள்ளையும் சேர்த்துப் பூசிய சுவரில் சிமென்ட் ஒட்டு வேண்டாம், பெயின்ட்டும் வேண்டாம், அது மூச்சு விடுகிற சுவர், அடைத்தால் உள்ளே ஈரம் தங்கிப் பூச்சு பெயர்ந்துவிடும். புதுக் குளியலறைக் குழாய்கள் எந்தச் சுவர் வழியாகப் போகின்றன என்று வரைபடத்திலேயே காட்டச் சொல்லுங்கள், பெரும்பாலான சேதம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. படைப்பு நாட்களில் வீடு உங்களுடையது என்று பத்திரத்தில் எழுதி வாங்குங்கள். தங்க வராத உள்ளூர்க்காரர்களும் வாரத்தில் ஒரு நாளாவது உள்ளே வந்து பார்க்க வழி வேண்டும், இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

பங்காளிகள் கூட்டத்துக்குப் போகும்போது பழைய பூச்சு வேலை தெரிந்த கொத்தனார் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அப்புறம், வளவில் மழைத்தண்ணீர் போகிற தூம்பைச் சருகு அடைத்திருக்கும். ஐப்பசிக்கு முன்னால் அதை எடுக்கச் சொல்லிவிடுங்கள், ஒப்பந்தம் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.