'அணிலாடு முன்றிலார்' என்று ஒரு புலவருக்குப் பெயர் வந்தது எப்படி?

இது பெற்றோர் வைத்த பெயர் அல்ல. சங்கப் புலவர் பெயர்கள் பலவற்றில் ஊரோ தொழிலோ இருக்கும். மதுரைக் கூலவாணிகன் சாத்தனார் என்றால் மதுரையில் தானியம் விற்றவர். சரி, பெயரே தெரியாவிட்டால்? பாட்டில் மனசைப் பிடித்த தொடரையே பெயராக்கிவிட்டார்கள்.

குறுந்தொகை 41இல் ஒரு தலைவி, காதலன் இருந்தால் தனக்கு ஊரே திருவிழா என்கிறாள். அவன் பிரிந்துபோனால்? ஆட்கள் விட்டுப்போன வீடு மாதிரி ஆகிவிடுகிறாள். அந்த வீட்டு முற்றத்தில் அணில் விளையாடுகிறது. விரட்ட யாரும் இல்லை. அந்த வெறுமையைச் சொல்ல ஓர் அணில் போதுமாக இருந்திருக்கிறது!

செம்புலப்பெயல்நீரார், குப்பைக்கோழியார், மீனெறி தூண்டிலார் எல்லாருக்கும் இப்படித்தான் பெயர் வந்தது. சொந்தப் பெயர் தொலைந்தும், அவர்கள் எழுதிய உவமையைச் சொல்லியே இன்றும் அவர்களைக் கூப்பிடுகிறோம்.